ஸ்போர்ட்ஸ் காரின் டிரைவ்டிரெயின் புஷ்கள்: தேய்ந்ததைக் கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

முதல் கியரில் கிளட்சை விடும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு 'டொக்'. இதைக் கேட்டதும் சிலர் டிஃபரன்ஷியலே (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். சிலர் முழு செட் புஷ் (பாகங்களைப் பிணைக்கும் இடங்களில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் பாகம்) வாங்கி எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிறார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. காரணம், இரும்பு வழியாகச் சத்தம் பயணிக்கும். கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங்கில் பிறந்த இடி டிஃபரன்ஷியலிலிருந்து வருவது போலக் கேட்கும். கழற்றி மாட்டும் வேலைக்கு உழைப்பு போதும். எந்த புஷ் என்று சொல்வதற்குத்தான் பொறுமை வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் கண்டுபிடிக்கும் பகுதியைச் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

இன்ஜின் முன்னால், டிரைவ் பின்சக்கரங்களுக்கு, டிஃபரன்ஷியல் பின் சப்ஃபிரேமில் (பாடியின் அடியில் பூட்டிய துணைச் சட்டம்) தொங்குகிற அமைப்பு: இதைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற அமைப்புகள் வரும்போது இடையிடையே சொல்கிறேன்.

அந்த ரப்பர் தாங்குகிற சுமை

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இன்ஜின் 200 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது, முதல் கியர் விகிதம் 3.5, ஃபைனல் டிரைவ் (டிஃபரன்ஷியலின் பல் விகிதம்) 4.1 என்று வைத்துக்கொண்டால், சக்கரங்களுக்குப் போகும் டார்க் 2870 நியூட்டன் மீட்டர். சக்கரங்களை முன்னோக்கிச் சுழற்றும் அதே டார்க், டிஃபரன்ஷியலின் கூட்டைப் பின்னோக்கிப் புரட்டப் பார்க்கும். அதாவது அதன் மூக்கு (முன்முனை) மேலே எழும்பும். முன் மவுண்டிங்குக்கும் பின் மவுண்டிங்குக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் இருந்தால், ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 9500 நியூட்டன் விசை விழுகிறது. கிட்டத்தட்ட ஒரு டன் எடை, கைப்பிடி அளவு ரப்பரின் மேல். காலை எடுத்ததும் அது அப்படியே திசை மாறுகிறது. ஒரு நாள் ஓட்டத்தில் இது எத்தனை முறை நடக்கும் என்று யோசித்தால், புஷ் தேய்வதில் ஆச்சரியமில்லை.

சாதாரண புஷ் என்பது வெளியே ஓர் உலோகக் கூடு, உள்ளே போல்ட் நுழையும் குழாய், இரண்டுக்கும் நடுவே இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். உள்குழாய் கூட்டுக்குள் உரசிச் சுழல்வதில்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. பல புஷ்களில் ரப்பருக்குள் பிறை வடிவத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். அது விரிசல் அல்ல, ஒரு திசையில் மென்மையாகவும் மறு திசையில் விறைப்பாகவும் இருக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்தது. புதிய புஷ்ஷை எந்தக் கோணத்தில் ஏற்றுகிறோம் என்பது முக்கியமாவது இதனால்தான். சில கார்களில் உள்ளே திரவம் நிரப்பிய புஷ் இருக்கும். நிசான் 350இசட் காரின் பின் டிஃபரன்ஷியல் புஷ் அந்த ரகம். அதில் கிழிசல் விழுந்தால் முதலில் தெரிவது சத்தமல்ல, கறுப்பாக வழிந்த கறை.

ரப்பருக்கு மூன்று எதிரிகள்: வெப்பம், காற்றிலுள்ள ஓசோன், எண்ணெய். இவற்றில் எண்ணெய்தான் மோசம். இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் உப்பிக் கொழகொழத்துவிடும். டிஃபரன்ஷியல் சீலோ (எண்ணெயைத் தடுக்கும் வளையம்) இன்ஜின் சீலோ கசியும் காரில் சீலை விட்டுவிட்டு புஷ்ஷை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

எந்த அறிகுறி எதைச் சொல்கிறது

இன்ஜின் மவுண்டிங் போனால் நின்றிருக்கும்போதே ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் அதிர்வு தெரியும். ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது கியர் லிவர் கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் இன்ஜின் மவுண்டிங்கையும் கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். நிற்கும்போது சுகமாக விழும் கியர், வளைவில் வேகமாகப் போகும்போது மட்டும் விழ மறுத்தால், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் நகர்கிறது என்று பொருள். நிறைய பேர் இதைக் கிளட்ச் கோளாறு என்று நினைத்துக் கிளட்சையே மாற்றிவிடுகிறார்கள்.

டிஃபரன்ஷியல் புஷ்ஷின் அடையாளம் கனமான ஒற்றை இடி. சுமை திசை மாறும் கணத்தில் மட்டும் வரும். சீரான வேகத்தில் வராது. நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்பும்போது பின்சக்கரங்கள் தத்தித் தத்திக் குதித்தால் டிஃபரன்ஷியல் புஷ், சப்ஃபிரேம் புஷ் இரண்டையும் பாருங்கள்.

சில கார்களில் கியர்பாக்ஸையும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் நீளத் தண்டு) இணைக்க ரப்பர் வட்டு ஒன்று இருக்கும். அது கிழிந்தால் வேகத்தோடு ஏறும் அதிர்வும், கிளம்பும்போது தளர்ந்த தட்டலும் கேட்கும். ஷாஃப்டின் நடு பேரிங்கைத் தாங்கும் ரப்பர் தொய்ந்தால் கிளம்பும் முதல் சில மீட்டரில் மட்டும் கார் நடுங்கி, பிறகு அடங்கிவிடும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் ஒரு விசேஷம் உண்டு. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று விறைப்பாக இணைக்கிறது. கியர்பாக்ஸுக்குத் தனி மவுண்டிங் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே தண்டாக, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கே மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று போனாலும் தண்டு முழுவதும் ஆடும். போர்ஷே 911 போல இன்ஜின் பின்னால் இருக்கும் காரில், மவுண்டிங் தொய்ந்தால் சைலன்சர் குழாய்க்கும் பம்பருக்கும் உள்ள இடைவெளி மாறியிருக்கும். அதை மட்டும் நம்பி முடிவெடுக்காவிட்டாலும், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

காரின் கீழே போகாமல் செய்யும் சோதனை

சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். பழகிய ஒருவர் உள்ளே உட்கார்ந்து கால் பிரேக்கை மிதித்தபடி முதல் கியரில் கிளட்சை மெல்லப் பிடிக்கும் இடம் வரை விட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். பிறகு ரிவர்ஸில் அதே போல. பார்ப்பவர் காரின் முன்னாலும் நிற்கக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். இன்ஜின் ஒரு பக்கம் மெல்ல எழுந்து மெல்ல உட்கார்ந்தால் நல்லது. தூக்கிப் போட்டது போல எழுந்து சத்தத்தோடு விழுந்தால், எழும்பும் பக்கத்து மவுண்டிங் கிழிந்திருக்கிறது.

இன்ஜின் அதிகம் ஆடாமல் இடி மட்டும் பின்னால் கேட்கிறதா? அப்படியானால் பின்பக்கம்தான்.

கீழே போய்ப் பார்க்கும்போது

காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திக் கீழே போகாதீர்கள். நான்கு ஆக்சில் ஸ்டாண்டுகளில் உட்காரவைத்து, தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகு போங்கள். இன்ஜின் அணைந்தே இருக்கட்டும்.

நல்ல வெளிச்சத்தில் டிஃபரன்ஷியலையும் அதைச் சுற்றியுள்ள உலோகத்தையும் பாருங்கள். அழுக்கும் துருவும் படிந்த இடத்தில் ஓரிடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், அங்கே இரும்பும் இரும்பும் மோதுகின்றன. உள்குழாய் கூட்டின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் ரப்பர் தொய்ந்துவிட்டது. ரப்பரின் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது வயதின் அடையாளம். ரப்பர் உலோகத்திலிருந்து பிரிந்து விளிம்பில் இடைவெளி தெரிந்தால்தான் காலம் முடிந்தது.

அடுத்து, டிஃபரன்ஷியலுக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவே நீளமான நெம்புகோலை வைத்து அழுத்துங்கள். சில மில்லிமீட்டர் நகர்ந்து, விட்டதும் திரும்பி வந்தால் ரப்பர் உயிரோடு இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் நகர்ந்து எங்கேயாவது 'டக்' என்று முட்டினால் போய்விட்டது. அலுமினியக் கூட்டின் விளிம்பிலோ சீல் அருகிலோ நெம்பக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்குக் குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். டிஃபரன்ஷியலின் மூக்குக்கு மேலே, அது முட்டக்கூடிய இடத்தைத் துடைத்து, இடைவெளி நிறையும்படி ஓர் உருண்டையை வையுங்கள். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றலாம். சூடான சைலன்சரிலிருந்து தள்ளியே வையுங்கள். வண்டியில்லாத நேரான சாலையில் சில முறை நன்றாக மிதித்து, காலை எடுத்து, திரும்பி வாருங்கள். பிறகு களிமண்ணை எடுத்து, மிக மெல்லிய இடத்தின் கனத்தை அளவெடுங்கள். 20 மி.மீ. இருந்த உருண்டை 15 மி.மீ. ஆனால் புஷ் வேலை செய்கிறது. காகிதம் போல நசுங்கியிருந்தால், ஓட்டத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. நெம்புகோல் நம் கைபலத்தை மட்டுமே காட்டும்; களிமண் இன்ஜினின் பலத்தைக் காட்டும்.

புஷ் அல்லாத காரணங்கள்

பணத்தை எடுப்பதற்கு முன் இவற்றை ஒதுக்கிவிடுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (மடங்கும் இணைப்பின் நடுவிலுள்ள சிலுவை வடிவத் துண்டு) தேய்ந்திருந்தால், ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் முறுக்கும்போது இணைப்பின் இரு பாதிகளும் தனித்தனியே அசையும். கிராஸில் கையால் உணரக்கூடிய ஆட்டம் எதுவுமே இருக்கக் கூடாது. டிஃபரன்ஷியல் பற்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தே தீரும்; கிரவுன் வீலில் (டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரம்) அது பொதுவாக 0.1 முதல் 0.2 மி.மீ. அளவு. உள்ளிருக்கும் மற்ற பற்களின் இடைவெளியும் சேர்ந்து ஷாஃப்டில் பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்து டிஃபரன்ஷியல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

கிளம்பும்போது சக்கரத்தின் பக்கத்தில் 'டிக்' என்று மெல்லிய ஒற்றைச் சத்தம் வந்தால், பின் ஆக்சில் ஹப்பில் உட்காரும் முகம் காய்ந்திருக்கலாம், அல்லது ஆக்சில் நட்டு தளர்ந்திருக்கலாம். பழைய போர்ஷே 944 போன்ற சில கார்களில் கிளட்ச் தட்டின் நடுவிலேயே ரப்பர் உண்டு. அது சிதைந்தாலும் இதே இடிதான், ஆனால் இடம் வேறு.

எந்தப் பொருளில் வாங்குவது

கம்பெனி ரப்பர், அதே வடிவில் கடினமான ரப்பர், பாலியூரிதேன், அலுமினியம் போன்ற திட உலோகம். இந்த வரிசையில் விறைப்பும் ஏறும், சத்தமும் ஏறும். சாலையில் மட்டும் ஓடும் காருக்கு என் பரிந்துரை கம்பெனி ரப்பர்தான். புதிய ரப்பர் எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்பது, தேய்ந்த புஷ்ஷோடு பல வருடம் ஓட்டியவருக்கு மறந்தே போயிருக்கும். அவ்வப்போது டிராக்கில் ஓட்டுபவர்கள் கடினமான ரப்பரையோ, ஷோர் ஏ அளவில் (ரப்பர் போன்றவற்றின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) 70–80 கடினத்தன்மையுள்ள பாலியூரிதேனையோ பார்க்கலாம். 95 வரை போனால் டிஃபரன்ஷியலின் ஊளைச் சத்தம் கேபினுக்குள் வரும். அது பல்லின் கோளாறல்ல, முன்பு ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த சத்தம். திட உலோகம் பந்தயக் காருக்கு மட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கலப்படம் செய்யாமல் இருப்பது. இன்ஜினுக்குத் திட மவுண்டிங், கியர்பாக்ஸுக்கு மென்மையான ரப்பர் என்று போட்டால் (தலைகீழாகப் போட்டாலும் அப்படியே) வளையும் விசை முழுவதும் விறைப்பான முனையில் குவியும். அந்த இடத்தில் இருக்கும் அலுமினியக் காது வெடிக்கும். ஒரே தண்டில் இருப்பவை ஒரே ரகமாக இருக்கட்டும்.

இறக்கும் வேலை

முந்தைய நாளே எல்லா போல்ட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள், ரப்பரில் படாமல். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டார்க் அளவுகள் காருக்குக் கார் மாறும்; வேறொரு காரின் எண்ணை இதற்குப் போடாதீர்கள். டார்க் ரெஞ்ச், வெர்னியர், தடித்த மரை ராடும் கோப்பைகளும் கொண்ட புஷ் கழற்றும் கருவி, இரண்டாவது ஜாக்கி ஆகியவை வேண்டும்.

ஆக்சில் ஸ்டாண்டை பாடியின் ஜாக்கிப் புள்ளிகளில் வையுங்கள். சப்ஃபிரேமை இறக்க வேண்டியிருந்தால் அதன் மேல் காரை நிறுத்தியிருக்கக் கூடாது. சைலன்சரின் பின்பகுதியையும் வெப்பத் தகட்டையும் முதலில் கழற்றுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) சேரும் இடத்தில் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதே நிலையில் திரும்பப் பூட்டாவிட்டால் இல்லாத அதிர்வு புதிதாக வந்துசேரும். கழற்றிய ஷாஃப்ட் தன் இணைப்பில் தொங்கக் கூடாது. கம்பியால் நேராகக் கட்டி நிறுத்துங்கள்.

டிரைவ் ஷாஃப்டுகள் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் தண்டுகள்) ஃபிளாஞ்சில் போல்ட் போட்டிருந்தால் வேலை சுலபம். டிஃபரன்ஷியலுக்குள்ளிருந்து உருவ வேண்டிய ரகமானால் எண்ணெயை முதலில் வடிக்க வேண்டும். அப்போதும் நிரப்பும் மூடியைத் திறந்து பார்த்த பிறகே வடிக்கும் மூடியில் கை வையுங்கள். எண்ணெய் முழுதும் வடிந்த பிறகு மேல் மூடி திறக்க மறுத்தால் கார் நகராது.

டிஃபரன்ஷியல் பொதுவாக 30 கிலோவுக்கு மேல் எடையிருக்கும், எடையும் ஒரு பக்கமாகச் சாயும். ஜாக்கியின் மேல் பட்டையால் கட்டாமல் கடைசி போல்ட்டை எடுக்காதீர்கள். சப்ஃபிரேமையும் சேர்த்து இறக்குவதானால் பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் ஒயர் ஆகியவை இழுபடுகின்றனவா என்று ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நின்று பாருங்கள்.

பழைய புஷ்ஷை எடுப்பது

கருவியை எடுப்பதற்கு முன் மூன்று பதிவுகள்: ரப்பரின் வெற்றிடங்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று கூட்டின் மேல் பெயின்ட் அடையாளம், கூட்டின் விளிம்பு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று வெர்னியர் அளவு, ஒரு போட்டோ. புஷ் வெளியே வந்த பிறகு இவற்றில் எதையும் திரும்பப் பெற முடியாது.

கருவியின் ஒரு கோப்பை வெளிக்கூட்டைவிட ஒரு நூல் சிறியதாக, மறு கோப்பை புஷ் உள்ளே விழும் அளவு பெரியதாக இருக்க வேண்டும். மரை ராடுக்கு கிரீஸ் தாராளமாகப் போடுங்கள். இறுக்க இறுக்கச் சத்தத்தோடு நகரும், அது சகஜம். ராட் இறுகிக்கொண்டே போய் எதுவும் நகராவிட்டால் நிறுத்துங்கள். இன்னும் பலம் கொடுத்தால் ராட் அறுந்து தெறிக்கும்.

அப்படிச் சிக்கிக்கொண்டால், ரப்பரைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டு உள்குழாயை எடுத்துவிட்டு, ஹாக்சா பிளேடை உள்ளே நுழைத்து வெளிக்கூட்டை நீளவாக்கில் அறுக்கலாம். முழுதாக அறுக்க வேண்டாம். காகிதக் கனம் மிச்சமிருக்கும்போது நிறுத்தி, மெல்லிய உளியால் விளிம்பை உள்பக்கமாக மடக்கினால் கூடு சுருங்கி வெளியே வரும். பிளேடு துளையின் சுவரில் ஆழமாகக் கீறிவிட்டால், பின்னாளில் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். தீ வைத்து ரப்பரை எரிக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். புகை நச்சு, பெட்ரோல் டேங்க் தலைக்கு மேலேயே இருக்கிறது.

புதியதை ஏற்றுவது

துளையின் சுவரைக் கம்பி பிரஷ்ஷாலும் நைஸான எமரித் தாளாலும் துடைத்து, நுழையும் விளிம்பில் உள்ள கூர்மையை மட்டும் எடுங்கள். அதிகம் தேய்த்தால் பிடிப்பு போய்விடும்.

புஷ்ஷை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைக்கலாம். கூடு அலுமினியமானால் ஹாட் ஏர் கன்னால் சீராகச் சூடாக்குங்கள். 70 மி.மீ. துளை 60 டிகிரி சூடேறினால் விட்டம் ஏறக்குறைய 0.1 மி.மீ. விரியும். இரும்பில் அதில் பாதிதான். கேட்பதற்குச் சின்ன அளவு, ஆனால் அழுத்திப் பொருத்தும் பாகத்தில் அது பெரிய உதவி. பக்கத்தில் ரப்பரோ சீலோ இருந்தால் வெப்பத்தைக் குறையுங்கள்.

அடையாளக் கோடுகளை நேராக்கி, புஷ்ஷைக் கையால் வைத்து, எல்லாப் பக்கமும் சமமாக நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அழுத்தம் எப்போதும் வெளிக்கூட்டின் விளிம்பில்தான் விழ வேண்டும். உள்குழாயை அழுத்தினால் புத்தம்புதிய ரப்பர் ஓடுவதற்கு முன்பே கிழிந்துவிடும். முதல் சில மில்லிமீட்டரில் சாய்ந்தால் தட்டி நேராக்க முயலாமல் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். வழுக்கலுக்கு சோப்புத் தண்ணீர் போதும். ரப்பருக்கு சாதாரண கிரீஸ் கூடவே கூடாது. பாலியூரிதேன் ஒட்டவைத்த ரகமல்ல, உரசிச் சுழலும் ரகம். அதோடு வரும் கிரீஸை உள்ளும் புறமும் தடவாவிட்டால் கீச்சிடும். பழைய அளவுக்கே விளிம்பு நிற்கிறதா என்று வெர்னியரால் சரிபார்த்து முடியுங்கள்.

பூட்டுவது

டிஃபரன்ஷியலைத் தூக்கி எல்லா போல்ட்டையும் கையால் சில மரை ஏற்றிவிட்டு, ஷாஃப்டையும் கோட்டுக்குக் கோடு சேர்த்த பிறகே இறுக்கத் தொடங்குங்கள். அது தன் இயல்பான மட்டத்தில் நிற்கும்போது இறுக்கினால்தான் ரப்பர் முறுக்கில்லாமல் உட்காரும். இதே வேலையில் சஸ்பென்ஷன் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், அவற்றைச் சக்கரத்தின் மேல் காரின் எடை விழுந்த நிலையில்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கிய புஷ் சீக்கிரமே கிழியும்.

ரப்பர் வட்டு மாற்றினால், அதன் மேல் உள்ள அம்புக்குறிகள் ஃபிளாஞ்சின் கைகளை நோக்கி இருக்க வேண்டும். போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். தலையைத் திருப்பினால் வட்டும் சேர்ந்து முறுகும். ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய போல்ட், நட்டு என்று மேனுவல் சொன்னால் புதியதைப் போடுங்கள். எம்எக்ஸ்-5 காரில் அலுமினியச் சட்டத்தைத் தளர்த்தியிருந்தால், அதன் உயரத்தை மேனுவலில் உள்ள அளவுப்படி சரிசெய்த பிறகே இறுக்க வேண்டும்.

இன்ஜின் மவுண்டிங்கும் மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று கிழிந்தபோது அதன் சுமையையும் மற்றது தாங்கியிருக்கும். ஆயில் சம்ப்பின் அடியில் அகலமான மரப்பலகை வைத்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகு மறுபக்கம். தூக்கும்போது ஃபேன் கூட்டையும் ரேடியேட்டர் ஹோஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் மவுண்டிங் பெரும்பாலான கார்களில் நான்கைந்து போல்ட் வேலை; எந்தச் சந்தேகம் இருந்தாலும் அதிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

எண்ணெய் வடித்திருந்தால், கார் சமமட்டத்தில் நிற்கும்போது நிரப்பும் துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். முதல் ஓட்டத்தை மென்மையாகத் தொடங்கி, பிறகு பழைய இடி வந்த அதே சூழலை, அதாவது முதல் கியரில் மிதித்து விடுவதை, வேண்டுமென்றே உண்டாக்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் களிமண்ணை மறுபடி வைத்து, முந்தைய கனத்தோடு ஒப்பிடுங்கள். சப்ஃபிரேமை இறக்கியிருந்தால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் காரை மறுபடி தூக்கி, எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். கூடவே டிஃபரன்ஷியலின் இரு பக்க சீல்களையும் விரலால் தடவுங்கள். டிரைவ் ஷாஃப்டை உருவி மாட்டியதில் சீலின் உதடு மடிந்திருந்தால் இந்த நேரத்தில் ஈரம் தெரியும். அது புதிய ரப்பரில் சொட்டுவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.